சப்ளையர் ஏன் வாய் திறப்பதில்லை?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயந்திர உதிரிபாகங்களை வெளியில் செய்து வாங்கும் நிறுவனம் ஒன்றில் சப்ளையர்களைக் கவனித்துக்கொள்ளும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்களுக்கு நாற்பது சப்ளையர்கள். அவர்களோடு அறிவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகி ஒரு போர்டல் போட்டோம். தரக் கையேடுகள், பயிற்சி வீடியோக்கள் எல்லாம் ஏற்றினோம். அவர்கள் யோசனை சொல்ல ஒரு பக்கமும் வைத்தோம். ஒரு வருடத்தில் வந்த யோசனைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்கு ஆர்வம் இல்லையா, எங்கள் முறையில் தப்பா? எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது?"

ஆர்வம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. சப்ளையர் பக்கம் சில வருடம், வாங்குபவர் பக்கம் அதைவிட அதிக வருடம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு யோசனையை வெளியே சொல்வதற்கு முன் சப்ளையர் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இதைச் சொன்னால் மிச்சமாகும் பணம் யாருக்குப் போகும்? அதற்குத் தெளிவான பதில் இல்லாதவரை போர்டல் காலியாகத்தான் கிடக்கும். "வாங்குபவருக்குத்தான் போகும்" என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் இன்னும் மோசம். யோசனை இருப்பதையே காட்டிக்கொள்ள மாட்டார்.

நான் இதை உணர்ந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு ஒரு சப்ளையர் ஷாஃப்ட் கிரைண்டிங், அதாவது சுழலும் தண்டைக் கல்லால் தேய்த்து நைஸாக்கும் வேலை, செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஷாஃப்ட்டின் ஒரு பகுதியில், எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் ஆயில் சீலின் ரப்பர் உதடு உட்கார்ந்து ஓடும். பல வருடமாக ஒரு புகாரும் இல்லை. திடீரென்று ஆயில் கசிகிறது என்று வாடிக்கையாளர்களிடமிருந்து வரிசையாகப் புகார்கள். ஷாஃப்ட்டை அளந்தோம். விட்டம் சரி, வட்டம் சரி, மேற்பரப்பின் சொரசொரப்பும் டிராயிங்கில் உள்ள எல்லைக்குள். சீலை மாற்றிப் பார்த்தோம், அப்படியும் கசிந்தது. எங்கள் தரத் துறை சப்ளையரைத் திட்டியது, சப்ளையர் அளவு ரிப்போர்ட்டை நீட்டினார். ஒரு மாதம் இப்படியே போனது.

கடைசியில் எங்கள் டிசைன் துறையில் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு பொறியாளர் சப்ளையரின் பட்டறைக்கே வந்தார். ஷாஃப்ட்டைக் கிடைமட்டமாக மாட்டி லேசாக எண்ணெய் தடவினார். தையல் நூல் ஒன்றை அதன்மேல் போட்டு, நூலின் நுனியில் 30 கிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, ஷாஃப்ட்டை மெதுவாகச் சுற்றச் சொன்னார். நூல் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தது. சுற்றும் திசையை மாற்றினால் வந்த வழியே திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத திருகுமரை ஒன்று மேற்பரப்பு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மரை ஒரு குட்டி பம்ப் மாதிரி எண்ணெயை உதட்டுக்கு அடியில் இழுத்து வெளியே தள்ளிவிடும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த சொரசொரப்பு எண்ணில் இது தெரியவே தெரியாது.

மரை எங்கிருந்து வந்தது? கிரைண்டிங் கல்லின் முகத்தை வைர முனையால் சீர்செய்யும்போது கல்லில் ஒரு சுருள்தடம் விழும். கல் ஷாஃப்ட்டைத் தொட்டு வெட்டி முடித்தபிறகு, மேலும் உள்ளே நகராமல் அப்படியே சில நொடி நின்று சுற்றவேண்டும். தீப்பொறி குறைந்து குறைந்து அடங்கும். ஸ்பார்க் அவுட் என்பார்கள். கல்லிலிருந்து ஷாஃப்ட்டில் பதிந்த சுருள்தடம் அந்த நொடிகளில்தான் தேய்ந்து மறைகிறது. அந்த மெஷினில் பல வருடமாக இருந்த ஆபரேட்டர் தீப்பொறியின் சத்தத்தைக் கேட்டே அது அடங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார். அவருக்கு மரையும் பம்ப்பும் தெரியாது. "சத்தம் அடங்குறதுக்குள்ள எடுத்தா ஷாஃப்ட் சரியா வராது ஸார்" என்பதுதான் அவர் அறிந்தது.

அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. அந்த வருடம் எங்கள் பர்சேஸ் துறை எல்லா சப்ளையர்களிடமும் ஒரே மாதிரி விலைக் குறைப்பு கேட்டிருந்தது. சப்ளையர் என்ன செய்வார்? ஒரு ஷாஃப்ட்டுக்கு ஆகும் நேரத்தில் எங்கே கைவைக்கலாம் என்று தேடினார். கல் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதுபோலத் தெரிந்த அந்த நொடிகள் கண்ணில் பட்டன. பாதிக்கு மேல் வெட்டிவிட்டார். டிராயிங்கில் அந்த நொடிகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. அளவுகளும் எல்லைக்குள்தான் வந்தன. அவர் பக்கத்தில் தப்பே இல்லை. அந்த மேற்பரப்பில் மரை இருக்கக்கூடாது என்ற விஷயம் எங்கள் டிசைன் துறையின் உள்கையேட்டில் பல வருடமாக இருந்தது. அவருக்கு அதை யாரும் சொன்னதில்லை. எங்களிடம் இருந்த 'ஏன்' அவரிடம் போகவில்லை, அவருடைய ஆபரேட்டரிடம் இருந்த 'எப்படி' எங்களிடம் வரவில்லை. நடுவில் போய்வந்தது டிராயிங்கும் விலையும் மட்டும்தான்.

உங்கள் போர்டலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த நூல்தான் ஞாபகம் வந்தது. கையேடுகளை ஏற்றியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் கையேட்டில் ஏறக்கூடியது ஏற்கெனவே எல்லோருக்கும் பாதி தெரிந்ததுதான். வரைபடம், அளவு, நெறிமுறை, கால அட்டவணை எல்லாம் தகவல். அனுப்பினால் போய்ச் சேர்ந்துவிடும். இந்த அளவு ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, எங்கே தளர்த்தினால் பாதகமில்லை, எந்தச் சத்தம் வந்தால் மெஷினை நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் ஆட்களின் தலையிலும் கையிலும் காதிலும் இருக்கிறது. ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றால்தான் இது இடம் மாறும். டொயோட்டா தன் சப்ளையர்களின் பொறியாளர்களை விருந்தினர் பொறியாளர் என்ற பெயரில் தன் டிசைன் அலுவலகத்திலேயே நீண்டகாலம் உட்காரவைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

சரி, ஆட்களை அனுப்பினால் போதுமா? போதாது. மறுபடியும் பணத்துக்கே வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலான நிறுவனங்கள் சறுக்குவது இங்கேதான்.

அமெரிக்கக் கார் நிறுவனமான கிரைஸ்லர் 1980களின் இறுதியில் ஸ்கோர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. சப்ளையர்கள் செலவு குறைக்கும் யோசனைகளைச் சொல்லவேண்டும், மிச்சமாவதை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளலாம். சப்ளையரின் லாபத்தில் கைவைப்பதில்லை, இருவருக்கும் வீணாகும் செலவைத்தான் தேடுவோம் என்பது அதன் அடிப்படை. கிரைஸ்லரே தான் செய்துகொண்டிருக்கும் எந்தக் காரியம் சப்ளையருக்கு வீண்செலவு வைக்கிறது என்றும் கேட்டது. தேவையில்லாத ஒரு சோதனை, அதிகப்படியான ஒரு பெயிண்ட் பூச்சு, ஒரே வேலைக்குப் பத்து விதமான திருகு என்று இப்படிப்பட்டவை சப்ளையர் கண்ணுக்குத்தான் தெரியும். 1995 முடிவுக்குள் 5,000க்கு மேற்பட்ட யோசனைகள் நடைமுறைக்கு வந்து, வருடத்துக்கு 170 கோடி டாலருக்கு மேல் மிச்சம் ஆனதாகக் கணக்கு வந்தது. யோசனைகள் குவிந்ததற்குக் காரணம் படிவம் நன்றாக இருந்தது என்பதில்லை. சொன்னவருக்குப் பதில் கிடைத்தது, பங்கும் கிடைத்தது.

அந்தக் கதையின் இரண்டாம் பாதியையும் சொல்லவேண்டும். 1998இல் கிரைஸ்லர் ஜெர்மன் நிறுவனமான டைம்லரோடு இணைந்தது. நஷ்டம் வந்தபோது, 2000 டிசம்பரில், எல்லா சப்ளையர்களும் 2001 ஜனவரி முதல் 5 சதவீதம் விலையைக் குறைக்கவேண்டும் என்று அறிவிப்பு போனது. நிறுவனத்தின் நெருக்கடி உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல வருடமாகத் தன் அடுப்படிவரை இவர்களை அழைத்துப்போய்க் காட்டிய சப்ளையரின் இடத்தில் நின்று அந்தக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். அடுத்த யோசனையை அவர் யாரிடம் கொண்டுபோவார்?

இதைவிடக் கசப்பான உதாரணம் ஜெனரல் மோட்டார்ஸ். 1992இல் அங்கே கொள்முதல் தலைமைக்கு வந்த இக்னாசியோ லோபெஸ், இருந்த ஒப்பந்தங்களையே திரும்பத் திறந்து, பலமுறை ஏலம் விடவைத்து, விலைகளை இறக்கினார். குறுகிய காலத்தில் பெரிய தொகை மிச்சமானது உண்மை. அதோடு, தாங்கள் கொடுத்த வரைபடங்களும் யோசனைகளும் போட்டியாளர் கையில் விலை கேட்கப் போய்ச் சேர்ந்தன என்று சப்ளையர்கள் குற்றம்சாட்டினார்கள். லோபெஸ் அடுத்த வருடமே வோக்ஸ்வாகனுக்குப் போய்விட்டார். அவர் எடுத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ரகசிய ஆவணங்கள் பற்றிய வழக்கு 1997இல் வோக்ஸ்வாகன் 10 கோடி டாலர் கொடுத்து சமாதானமானது. அவர் போனபிறகும் சப்ளையர்களின் மனக்கசப்பு சீக்கிரம் ஆறவில்லை. புதுத் தொழில்நுட்பம் கையில் இருந்தால் முதலில் வேறு வாடிக்கையாளரிடம் காட்டும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டது. ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர் அடுத்தமுறை தூரத்திலிருந்தே பார்ப்பார்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை தொழில்நுட்ப வேலையே இல்லை. உங்கள் நிதித் துறையையும் பர்சேஸ் துறையையும் உட்காரவைத்து ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: சப்ளையரின் யோசனையால் மிச்சமாவதில் பாதி அவருக்கு. எத்தனை வருடத்துக்கு, எப்படிக் கணக்கிடுவது, புது டூலிங் (அச்சு, வெட்டுக்கருவி போன்றவை) தேவைப்பட்டால் அந்தச் செலவு முதலில் எப்படிக் கழியும், எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்புறம் முக்கியமாக இன்னொரு வரி: பட்டறையில் நாங்கள் பார்த்ததை வைத்து விலை பேச வரமாட்டோம். இந்த வரியை எழுத உங்கள் நிறுவனம் தயங்கினால், மற்றதெல்லாம் வெறும் சடங்கு. அதற்குச் செலவழிக்கும் நேரத்தை வேறு வேலைக்குக் கொடுக்கலாம்.

இதில் டொயோட்டா செய்த ஒரு ஏற்பாடு எனக்கு எப்போதும் பிடிக்கும். அவர்களுடைய சப்ளையர் சங்கம் கியோஹோகாய் 1943இலிருந்து இருக்கிறது. ஆனால் சங்கக் கூட்டம் மட்டும் கற்றுக்கொடுத்துவிடவில்லை. பின்னாளில், டொயோட்டாவின் உற்பத்தி முறையை வடிவமைத்த தாயிச்சி ஓனோவின் முயற்சியில் உற்பத்தி முறை தெரிந்தவர்களைக் கொண்ட ஒரு தனிப் பிரிவு உருவானது. அவர்கள் சப்ளையர் ஆலைக்கே போய், நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கூடவே நின்று கற்றுக்கொடுத்தார்கள். 1970களில் அதோடு ஜிஷுகென் என்ற கூட்டுப் படிப்புக் குழுக்கள் சேர்ந்தன. சில சப்ளையர்கள் ஒரு குழு. ஒருவர் ஆலைக்கு மற்றவர்கள் எல்லோரும் போய், அங்குள்ள ஒரு சிக்கலைச் சேர்ந்து தீர்ப்பார்கள், அப்புறம் அடுத்தவர் ஆலை. நேரடிப் போட்டியாளர்கள் இருவரை ஒரே குழுவில் போடமாட்டார்கள். சின்ன விதிதான், ஆனால் அது இல்லாவிட்டால் அந்த அறையில் எல்லோரும் வானிலையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

1992இல் டொயோட்டா அமெரிக்காவில் சப்ளையர் ஆதரவு மையம் தொடங்கியபோதும் கற்றுக்கொடுப்பவர்களை விலை பேசும் துறையிலிருந்து தள்ளியே வைத்தார்கள். உங்கள் நிறுவனத்தில் இது இருக்கிறதா என்று பாருங்கள். சப்ளையரிடம் காலையில் "உங்கள் சைக்கிள் நேரத்தை, ஒரு பாகம் செய்ய ஆகும் நேரத்தை, குறைக்க உதவட்டுமா" என்று கேட்பவரே சாயங்காலம் விலைப் பட்டியலைத் திறந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சப்ளையர் ஸ்டாப்வாட்சைக் கண்டதும் மெஷினை மெதுவாகத்தான் ஓட்டுவார். நானே சப்ளையர் பக்கம் இருந்த நாட்களில் அப்படி ஓட்டச் சொல்லியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை இல்லை, ஆனால் அன்று அதுதான் நியாயமாகப் பட்டது.

இப்படி வருடக்கணக்கில் சேரும் பழக்கம் என்ன பலன் தரும் என்பதற்கு 1997 பிப்ரவரி 1ஆம் தேதியைச் சொல்லலாம். சனிக்கிழமை விடிகாலையில் ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று எரிந்துபோனது. பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் சின்ன வால்வு ஒன்றை டொயோட்டாவுக்கு ஏறக்குறைய முழுக்க அவர்கள்தான் செய்துகொண்டிருந்தார்கள். டொயோட்டாவிடம் கையிருப்பு மிகக் குறைவு. சில நாட்களில் ஜப்பானில் அதன் ஆலைகள் ஏறத்தாழ எல்லாம் நின்றன. ஐசின் கேட்டவர்களுக்கெல்லாம் வரைபடத்தைக் கொடுத்தது. பெரிதும் சிறிதுமாக 200 நிறுவனங்கள் இறங்கின. தையல் மெஷின் செய்யும் பிரதர் நிறுவனம்கூட அதில் ஒன்று, அவர்கள் அதற்குமுன் கார் உதிரிபாகம் செய்ததில்லை. அந்த வால்வுக்கென்று இருந்த தனி மெஷின்கள் எரிந்துவிட்டதால், ஒவ்வொருவரும் தங்களிடம் இருந்த பொது மெஷின்களில் எப்படிச் செய்வது என்று யோசித்து, கண்டுபிடித்த வழியை மற்றவருக்கும் சொன்னார்கள். ஒரு வாரத்துக்குள் ஆலைகள் மறுபடி ஓடத் தொடங்கின. முதலில் விலை பேசி முடிப்போம், காண்டிராக்டில் கையெழுத்து வாங்குவோம் என்று யாரும் காத்திருக்கவில்லை. செய்தவர்களின் செலவை ஐசின் பின்னால் கொடுத்தது, டொயோட்டாவும் தன் நேரடி சப்ளையர்களுக்குத் தனியாக ஒரு தொகை கொடுத்தது. கணக்கு பின்னால் நேராகும் என்ற நம்பிக்கை முன்னமே இருந்திருக்கிறது. அந்த நம்பிக்கையைத் தீப்பிடித்த அன்று காலையில் உண்டாக்கிவிட முடியாது.

அறிவுப் பகிர்வு என்றாலே எல்லோரும் நல்ல நுணுக்கங்களை நினைக்கிறார்கள். கெட்ட செய்தியைப் பகிர்வதும் அதில் சேர்ந்ததுதான், இன்னும் சொல்லப்போனால் அதுதான் கஷ்டம். 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் அல்புகெர்கியில் பிலிப்ஸின் சிப் ஆலையில் மின்னல் தாக்கி ஒரு சின்னத் தீ. சில நிமிடங்களில் அணைத்துவிட்டார்கள். ஒரு வாரம் தாமதம் ஆகலாம் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னார்கள். நோக்கியா அந்தச் செய்தியை உடனே மேலே கொண்டுபோய், தினமும் விசாரித்து, நிலைமை அதைவிட மோசம் என்று புரிந்ததும் வேறு ஆலைகளிலிருந்து சிப்புகளைத் திரட்டியது. இன்னொரு போன் நிறுவனமான எரிக்ஸனில் அதே செய்தி கீழ்மட்டத்தில் தங்கிவிட்டது. அவர்கள் விழித்துக்கொண்டபோது மாற்று இடம் இல்லை, சுமார் 40 கோடி டாலர் வருவாய் போனது. இரண்டு நிறுவனத்துக்கும் போன தகவல் ஒன்றுதான். கேட்ட காது எங்கே இருந்தது, கேட்டவர் மேலே சொல்லத் துணிந்தாரா என்பதில்தான் வித்தியாசம். உங்கள் சப்ளையர் ஒருவர் "இந்த வாரம் எங்கள் ஹீட் டிரீட்மென்ட் உலை சரியில்லை" என்று தானாகவே போன் செய்து சொன்னால் உங்கள் நிறுவனத்தில் அவருக்கு என்ன நடக்கும்? உடனே ரேட்டிங்கில் மதிப்பெண் குறையுமா, அல்லது நாளைக் காலை ஒரு உலோகவியல் பொறியாளர் அங்கே போய் நிற்பாரா? இதற்கு நீங்கள் மனதுக்குள் சொல்லும் பதிலை வைத்தே உங்கள் போர்டல் ஏன் காலி என்று கண்டுபிடித்துவிடலாம்.

தேவைக் கணிப்பைப் பகிர்வது பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கடைசி வாடிக்கையாளர் வாங்குவது நிலையாக இருந்தாலும், ஒவ்வொரு கட்டத்திலும் தங்களுக்கு வந்த ஆர்டரை மட்டும் பார்த்துத் திட்டமிடுவதால் கடையிலிருந்து சப்ளையர் பக்கமாக மேலே போகப்போக ஏற்ற இறக்கம் பெருத்துவிடும். பிராக்டர் அண்ட் கேம்பிள் தன் குழந்தை டயப்பர் விஷயத்தில் கவனித்ததும் இதைத்தான். குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கிறார்கள், ஆலைக்கு வரும் ஆர்டர் மட்டும் குதிக்கிறது. உங்கள் உண்மையான விற்பனை எண்ணை அப்படியே காட்டுங்கள். பாதுகாப்புக்காக ஊதிப்பெருக்கிய கணிப்பைக் கொடுக்காதீர்கள், இரண்டு முறை ஏமாந்தபிறகு சப்ளையர் அதைத் தானாகவே பாதியாக வகுத்துக்கொள்வார்.

இனி நீங்கள் கேட்ட கடைசி விஷயம்: எதைப் பகிரக்கூடாது?

எனக்குப் பழக்கமான ஒரு கோடு இருக்கிறது. எப்படிச் செய்வது என்பது, அதாவது டூல் மாற்றும் நேரம், மெஷின் பராமரிப்பு, தவறு கண்டுபிடிக்கும் முறை போன்றவை, தாராளமாகப் போய்வரலாம். என்ன செய்கிறோம் என்பது, அதாவது புதுப் பொருளின் வடிவமைப்பு, ஒரு ரப்பர் கலவையின் செய்முறை, காப்புரிமைக்குப் போகவிருக்கும் யோசனை, இவை பூட்டுக்குள் இருக்கலாம். சப்ளையருடைய கலவையின் ரகசியத்தைக் கேட்காதீர்கள், அது அவருடைய அடிமடி. அது எந்தச் சூட்டில், எந்த எண்ணெயில், எவ்வளவு காலம் தாங்கும் என்று கேளுங்கள், உங்களுக்குத் தேவை அவ்வளவுதான். சேர்ந்து ஒன்றை உருவாக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே எழுதிவையுங்கள்: உள்ளே வரும்போது யார் எதைக் கொண்டுவந்தார்கள், சேர்ந்து கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம், சப்ளையர் அதை வேறு வாடிக்கையாளருக்கு எப்போதிலிருந்து விற்கலாம். கண்டுபிடித்தபிறகு இதைப் பேச உட்கார்ந்தால் நண்பர்களும் எதிரிகளாகிவிடுவார்கள்.

சட்டப்படியும் ஒரு எச்சரிக்கை. ஒரு சப்ளையரின் விலை விவரத்தையோ உற்பத்தித் திறனையோ அவருடைய போட்டியாளருக்கு நீங்கள் சொல்வது, அல்லது உங்கள் வழியாக அது போய்ச்சேர்வது, பல நாடுகளில் போட்டிச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். "அந்த ஆள் இந்த விலைக்குத் தருகிறாரே" என்று பேச்சுவாக்கில் சொல்வதுகூட ஆபத்துதான். சப்ளையர் கூட்டங்களில் விலை பற்றிய பேச்சே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் மட்டும் கட்டுப்பட்டால் போதாது, நீங்களும் கட்டுப்படவேண்டும். நான் பார்த்த பல ஒப்பந்தங்களில் சப்ளையர் மட்டும் வாயைக் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டிருப்பார், வாங்குபவர் பக்கம் ஒன்றும் இருக்காது. அப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு அறிவைப் பகிருங்கள் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

இன்னொரு இடத்தையும் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். உங்கள் சப்ளையருக்கும் சப்ளையர் இருக்கிறார். 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, காருக்கு மினுமினுப்புத் தரும் ஷிராலிக் என்ற நிறமி ஒனஹாமாவில் ஒரே ஒரு ஆலையில்தான் தயாராகிறது என்று பல கார் நிறுவனங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சில கருப்பு, சிவப்பு நிறக் கார்களுக்கு ஆர்டர் எடுப்பதையே அவர்கள் நிறுத்தவேண்டி வந்தது. உங்கள் சப்ளையர் தன் பொருளை எங்கே வாங்குகிறார் என்று கேட்டால் தயங்குவார். தன்னைத் தாண்டி நீங்கள் நேராக அங்கே போய்விடுவீர்களோ என்ற பயம். இங்கேயும் எழுத்தில் உறுதி கொடுத்துத்தான் கேட்கவேண்டும்.

நடைமுறையில் எங்கே தொடங்குவது? நாற்பது பேரோடு ஒரே நேரத்தில் வேண்டாம். ஒருவரை எடுங்கள், அவர் செய்யும் ஒரு பாகத்தை எடுங்கள், இருவருக்கும் தலைவலி தரும் பாகமாக இருந்தால் நல்லது. பணம் பற்றிய அந்த ஒரு பக்கத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள். பாகத்தை வடிவமைத்தவரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள், பர்சேஸ் அதிகாரி அன்று வரவேண்டாம். கான்பரன்ஸ் அறையில் உட்காராமல் மெஷின் பக்கத்தில் நின்று ஆபரேட்டரிடமே கேளுங்கள்: இந்த டிராயிங்கில் எந்த அளவு உங்களை ரொம்பப் படுத்துகிறது? முதலில் அவர் தன் முதலாளி முகத்தைப் பார்ப்பார், அவசரப்படுத்தாதீர்கள். பிறகு ஒரு அளவைச் சொல்வார். அது எதற்காக அப்படி இருக்கிறது என்று டிசைனர் அங்கேயே விளக்கவேண்டும். விளக்க முடியாவிட்டால் அந்த அளவு தேவையில்லாததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. யார் முதலில் பேசுவது என்றால், நீங்கள்தான். உங்கள் டிசைனில் உங்களுக்கே சந்தேகம் உள்ள ஒரு இடத்தை நீங்களே முதலில் காட்டுங்கள்.

யோசனை வந்தால் இரண்டு வாரத்துக்குள் பதில் போகவேண்டும், முடியாது என்ற பதிலாக இருந்தாலும் காரணத்தோடு. பதில் இல்லாமல் மூன்று மாதம் கிடந்த யோசனைதான் அந்த சப்ளையரிடமிருந்து வரும் கடைசி யோசனை. அதோடு, அவரைக் கவனிக்கும் உங்கள் ஆளை வருடாவருடம் மாற்றாதீர்கள். புதிதாக வருபவருக்கு சப்ளையர் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கும். மூன்றாவது முறை அவர் அதைச் செய்யமாட்டார்.

அந்த ஷாஃப்ட்டுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஸ்பார்க் அவுட் நேரத்தைப் பழையபடி வைக்கச் சொன்னோம், அதற்கான விலையையும் திருப்பிக் கொடுத்தோம். டிராயிங்கில் மரை கூடாது என்ற குறிப்பையும் சேர்த்தோம். அன்று சீல் எந்த இடத்தில் உட்காரும் என்று பொறியாளர் ஷாஃப்ட்டின் மேலேயே மார்க்கரால் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். ஆபரேட்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இந்தக் கோட்டுக்கு வெளியே எதுக்கு ஸார் இவ்வளவு நைஸா கிரைண்டிங் பண்றோம்?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பழைய மாடலில் அங்கே வேறு ஏதோ உட்கார்ந்திருக்கவேண்டும். டிராயிங்கில் அந்தக் குறி மட்டும் தங்கிவிட்டது. அதை எடுத்ததில் மிச்சமான நேரம், சப்ளையர் முன்பு வெட்டிய நொடிகளைவிடப் பல மடங்கு. பாதி அவருக்குப் போனது. அடுத்த மாதம் வேறு ஒரு பாகத்தின் டிராயிங்கை எடுத்துக்கொண்டு அவரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

போர்டலை மூடவேண்டாம். டிராயிங்கின் கடைசித் திருத்தம் எது என்று எல்லோருக்கும் ஒரே இடத்தில் தெரிவது பெரிய விஷயம், பழைய டிராயிங்கில் செய்து குப்பைக்குப் போன பாகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு இறுக்கமான அளவுக்கும் பக்கத்தில் அது ஏன் என்று ஒரு வரி எழுதும் இடத்தையும் அதில் சேர்த்துவிடுங்கள். முதல் சில மாதங்களுக்கு அந்த வரிகளை எழுதவேண்டியது உங்கள் டிசைன் துறை.